எழுந்து நின்ற குற்றம்

என் புருஷன் மம்பெத் ஒரு வடிகட்டின முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் கணவாயில் குதிரை வழுக்கி அவர் மேலேயே விழுந்தது. நொறுங்கிய இடுப்பையும் முதுகையும் ஒட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். உட்காருவார், படுப்பார். நின்றால் ஒரு நிமிடம், அப்புறம் இரண்டு நாள் வலியில் துடிப்பார், ஊசி போட வேண்டும். ஊனத்தில் முதல் பிரிவு என்றால் படுத்த படுக்கை. இரண்டாம் பிரிவு என்றால் வேலைக்கு லாயக்கில்லை. அந்த இரண்டாம் பிரிவுச் சான்று கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகையும் அந்த ஊசியும் வரும். கிடைக்காவிட்டால் வெறும் வலிதான்.

போன வருடம் அந்தச் சான்று தரும் மருத்துவக் குழுவிடம் போனோம். குழுத் தலைவர் நரைத்த தாடியோடு அறைக்குள் நுழைந்தார். என் வீட்டு மனிதர் என்ன செய்தார்? நாற்காலியைப் பிடித்து விறுக்கென்று எழுந்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பற்றி சலாம் சொன்னார். பெரியவர் உள்ளே வந்தால் உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது. 'உதவியின்றி எழுந்து நிற்கிறார்' என்று எழுதி வெளியே அனுப்பினார்கள். மறுபடி மனு போட ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

இந்த வருடம் தாள்களை எல்லாம் நான் ஒருத்தியே சேர்த்தேன். எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு, கிராம அலுவலகக் கடிதம். முத்திரை வைத்திருந்த மகானுபாவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார், முத்திரையையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. அதற்கு ஒன்பது நாள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. இவரை உட்கார வைப்பதுதான் பெரும்பாடு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எசென்பாயை ஒத்திகைக்குக் கூப்பிட்டேன். எழுபத்திரண்டு வயது. வெளியே போய் மறுபடி உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. கூலி, தேநீரும் பாலாடை தடவிய ரொட்டியும்.

கதவு திறக்கும். "சலாம்டா தம்பி!" என்பார். இவர் எழுந்திருப்பார்.

"உக்காருங்க! பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு உக்காருங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"முட்டி தானா எழும்புது ஜூரா."

"அந்த முட்டிக்கு ஊசிய யாரு போடுவா, எசென்பாய் அண்ணனா?"

பரணில் கிடந்த தொட்டில் பட்டையை எடுத்து வந்தேன். எங்கள் பிள்ளைகள் விழாமல் இருக்கத் தொட்டிலோடு சேர்த்துக் கட்டிய அதே பட்டை. தொடையை நாற்காலியோடு சேர்த்து இறுக்கினேன். நாற்காலியையும் தூக்கிக்கொண்டு எழப் பார்த்தார் அந்தப் புத்திசாலி.

நான்காம் வாரம் ஒரு நாள் பட்டை இல்லாமலே உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து, தலை குனிந்து, உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எசென்பாயோ வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏண்டா மம்பெத், நான் என்ன ஒனக்கு நாயா?"

ஒத்திகை என்று தெரிந்தே வந்தவர்! கோபித்துக்கொண்டு தேநீரைத் தொடாமல் போய்விட்டார். மறுநாள் காலை இவர் சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார், திரும்பி வந்து இரண்டு நாள் வலியில் முனகிக்கொண்டு கிடந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இருவரையும் ஒரே பட்டையில் கட்டியிருப்பேன்.

அந்த நாள் வந்தது. நிற்க முடியாதவர்களுக்கான அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. எந்த அறிவாளி யோசித்தானோ! இவரை முதுகில் சுமந்துகொண்டு ஏறினேன்.

தாடிக்காரர் ஓய்வு பெற்றுவிட்டாராம். புதுத் தலைவன் முப்பது வயதுகூட ஆகாத பொடியன், பளபளவென்று கூர்மூக்கு ஷூ. நாங்கள் உள்ளே வந்தபோது அவன் அசையவும் இல்லை, நிமிரவும் இல்லை. இவரை நாற்காலியில் இறக்கிவிட்டேன். அப்பாடா என்றிருந்தது. இவனுக்காக யாரும் எழ வேண்டியதில்லை.

"மூணு மாடி எப்படி ஏறினீங்க?"

"இவ தூக்கிட்டு வந்தா தம்பி," என்றார் இவர்.

"ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டு வர்ற மாதிரியா?" என்று சிரித்தான். சிரிக்கட்டும். பேனா இரண்டாம் பிரிவு என்ற கட்டத்துக்குப் போய்விட்டது.

கதவு திறந்தது. வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர், தொண்ணூறு இருக்கும், கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டி உள்ளே வந்தார். இரண்டு கண்ணும் பால்போல் வெளுத்திருந்தன. தன் முறை வரும் முன்பே தெரியாமல் வந்துவிட்டார். "அஸ்ஸலாமு அலைக்கும், யாராவது இருக்கீங்களா?"

இவர் தொடை மேல் என் கையை வைத்து முழுப் பலத்தோடு அழுத்தினேன். என் கையையும் சேர்த்துக்கொண்டு எழுந்தார். இரண்டு கையாலும் கிழவர் கையைப் பற்றினார்.

"அவருக்குக் கண்ணு தெரியாதுங்க, பாவி மனுசா!" என்று பல்லைக் கடித்தேன்.

"எனக்குத் தெரியுதே ஜூரா," என்றார்.

"அட, நல்லாத்தானே நிக்கிறீங்க!" என்றான் பொடியன். எழுத ஆரம்பித்ததைக் குறுக்கே அடித்தான். போன வருட வரியையே மறுபடி எழுதினான். நாற்காலியை விட்டு அவன் இன்னும் எழவில்லை.

ஒரு வருடமாக இவரைத் திட்டித் தீர்த்த என் வாய் அவன் பக்கம் திரும்பியது. "தம்பி, நாங்க வந்தப்பவும் நீங்க எழுந்திருக்கல, இந்தப் பெரியவர் வந்தப்பவும் எழுந்திருக்கல. உங்களுக்கு எந்தப் பிரிவு குடுத்தாங்க? முதல் பிரிவா?"

அவன் காது சிவந்தது. "அடுத்தவர வரச் சொல்லுங்க," என்றான்.

இவரை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். கிழவர் இவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். மூவரும் கதவைத் தாண்டி வெளியே வந்தோம். நடையில் பெஞ்சுகளில் இருபது பேர் காத்திருந்தார்கள். ஒற்றைக் காலோடு ஒருவர், ஊன்றுகோலோடு இரண்டு பெண்கள், கையும் காலும் வெடவெடக்கும் ஒரு ஆசிரியர். கிழவரைக் கண்டதும் சுவரைப் பிடித்தும், ஒருவரையொருவர் பிடித்தும், எல்லோரும் எழ ஆரம்பித்தார்கள்.

"உக்காருங்க பாவிகளா!" என்று கத்தினேன். "கதவு தொறந்து கெடக்கு! அவன் பாத்து எழுதிருவான்!"

ஒருவரும் உட்காரவில்லை.