பூதத்துக்குப் பெயர்

ஒரு பெயரின் விலை பத்து வருஷ வாடகை. அல்லது, சாகும்வரை வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு பேய்க்கணவாய். இரண்டு விலையும் ஒரே வாரத்தில், ஒரே கல்லாவுக்கு முன்னால் நின்று சொல்லப்பட்டவை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஊரானியா. ரோட்ஸ் தீவின் கலமியா கடற்கரையில் தூண்டில் முள்ளிலிருந்து கோயில் மெழுகுவர்த்தி வரைக்கும் கிடைக்கிற ஒரே கடை அவளுடையது. ஒரு ஜெர்மன்காரனுக்குக் குடையை விற்று, அவன் ஊருக்குப் போகும் அன்று அதையே பாதி விலைக்கு வாங்கி, மாலையில் அவன் மச்சானுக்கு முழு விலைக்கு விற்றவள் என்று ஊரில் சொல்வார்கள். அவள் மறுத்ததில்லை. நல்ல பெயர் சும்மா வந்தால் யார் வேண்டாமென்பது?

இப்போது விலை பேசப்பட்ட பெயர், அந்துலாவின் ஐந்து மாத ஆண்குழந்தைக்கு வைக்கப்போகிற பெயர். ஞானஸ்நானம் ஆகாத ஆண்குழந்தைக்கு ஊரில் ஒரே பெயர்தான்: பூதம். "பூதம் பால் குடிச்சுதா?", "பூதம் ராத்திரி தூங்கவிட்டுச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் நின்று ஞானத்தாய் வாய் திறக்கும்வரை உண்மைப் பெயர் வெளியே வரக்கூடாது. ஊரானியாதான் ஞானத்தாய். ஆகவே அவள் வாய்க்கு அந்த வைகாசி மாதம் இருந்த மதிப்பு, ரோட்ஸ் நகரத்துத் தங்கக்கடைகளுக்குக்கூட இல்லை.

முதலில் வந்தவர் அப்பாவழித் தாத்தா. அனார்கிரோஸ் என்றால் காசு வாங்காதவன் என்று அர்த்தம். இவ்வளவு பொய்யான பெயர் தீவில் இன்னொன்று கிடையாது. முப்பது வருஷம் மெல்போர்னில் மீன் பொரித்து விற்றுச் சம்பாதித்துத் திரும்பியவர். ஊரானியாவின் கடை இருக்கிற கட்டடமும் அவருடையது.

"ஏதென்ஸ் டாக்டருக்குப் பணம் கட்டினது யாரு? நானு. தலைப்பேரன், அப்பன்வழித் தாத்தா பேரு. இதுல பேச என்ன இருக்கு?"

"பேச ஒண்ணுமில்லேன்னா எதுக்கு மாமா வந்தீங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பத்து வருஷம் வாடகை வேணாம். இல்லேன்னா, சீசன் முடிஞ்சதும் கடையைக் காலி பண்ணிக்கோ. என்ன சொல்றே?"

ஊரானியா முகவாயை மேலே தூக்கி, புருவத்தை உயர்த்தினாள். தீவில் பிறந்த கழுதைக்குக்கூட அதன் அர்த்தம் தெரியும்: முடியாது. ஆனால் மெல்போர்னில் தலை அசைந்தால் சம்மதம். அனார்கிரோஸ் முகம் மலர்ந்து போய்விட்டார். மறுநாளே தன் புதுப் படகின் மூக்கில் நீலப் பெயிண்டில் 'சின்ன அனார்கிரோஸ்' என்று எழுதிவிட்டார். ஊரானியா கடற்கரையில் அதைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லை; மூன்றாம் நாள் பசித்தது, சாப்பிட்டாள்.

அடுத்து அம்மாவழித் தாத்தா ஸ்டெர்கோஸ். மீன்காரர். கையில் தொப்பி. மூன்று பெண்கள் அவருக்கு. மூத்தவர்கள் இருவரின் பிள்ளைகளும் சம்பந்தி வீட்டுப் பெயர்களைச் சுமந்து திரிகிறார்கள்.

"என் பேரு என்னோட போயிடும் போலிருக்கு, ஊரானியா. நான் பணக்காரன் இல்லே. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு பேய்க்கணவாய் கொண்டாந்து தர்றேன். நான் இருக்குறவரைக்கும்."

"மாதா விட்ட வழி, மாமா" என்றாள்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டு, அதையே சம்மதமாக எடுத்துப் போனார்.

இரண்டு பேரிடமும் அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. குழந்தை இல்லாமல் ஏழு வருஷம் அழுத அந்துலா, போன வருஷத்துக்கு முந்தின செப்டம்பரில் வெறுங்காலோடு சம்பீகா மலை ஏறினாள். கூடப் போனவள் ஊரானியா மட்டும். மலைக்கோயிலில் சம்பீகா மாதாவின் முன்னால் அந்துலா நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிறந்தால் உன் பெயர்தான், ஆணென்றால் சம்பீகோஸ். நேர்ந்த பெயரை மாற்றி வைத்தவர்கள் கதை எதுவும் நல்லபடி முடிந்ததாக ஊரில் யாரும் கேட்டதில்லை.

"மாமனாருக்குத் தெரிஞ்சா முன்னாடியே சண்டை. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா அழுவாரு. தொட்டிகிட்ட நீ சொல்லிடு அக்கா. அப்புறம் யாராலயும் மாத்த முடியாது" என்று அந்துலா கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள்.

சொல்வதாக ஊரானியா வாக்குக் கொடுத்திருந்தாள். கொடுக்கும்போது அது பத்து வருஷ வாடகை பெறுமென்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பிதுங்கியது. காபிக்கடையில் பந்தயம் கட்டியவர்கள் இரு பக்கமும் பிரிந்து நின்றார்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் பதித்த வெளிமுற்றத்தில், மல்பெரி மரத்தடியில் நாற்காலி போட்டு அந்துலா உட்கார்ந்திருந்தாள். தாய் உள்ளே வரக்கூடாது. பெயர் அவளைத் தேடிப் போகும். முதலில் ஓடிவந்து சொல்கிற பிள்ளைக்குக் காசு. அதற்காகவே ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் வாசலை ஒட்டி, ஓட்டப்பந்தயக்காரர்கள் மாதிரி ஒரு கால் முன்னே வைத்து நின்றன.

எண்ணெய் பூசிய பூதம் ஊரானியாவின் கையில் அயிரை மீனாக வழுக்கியது. வலப்பக்கம் அனார்கிரோஸ், தன் பெயரைத் தானே சத்தமில்லாமல் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஸ்டெர்கோஸ், மீன்வாடை போக எலுமிச்சை தேய்த்த கைகளோடு நின்றார். இந்தப் பக்கம் பார்த்தால் கடை தெரிந்தது. அந்தப் பக்கம் பார்த்தால் அந்தக் கைகள் தெரிந்தன. அவள் பூதத்தைப் பார்த்தாள். பூதம் கொட்டாவி விட்டது.

"பெயர்?" என்றார் பாதிரியார்.

நாற்பது வருஷமாகக் கடற்கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கூவி விற்ற தொண்டை, அன்று பார்த்துச் சுருங்கிக்கொண்டது.

"...பீகோஸ்" என்று வந்தது. அதிலும் பின்பாதிதான் காற்றில் கலந்தது.

"கோஸ்!" என்று யாரோ கத்தினார்கள். "ஸ்டெர்கோஸ்! ஸ்டெர்கோஸ்டா!"

இடப்பக்கம் வெடித்தது. தொப்பிகள் பறந்தன. பின்வரிசையில் யாரோ யாரையோ முத்தமிட்டார்கள். ஸ்டெர்கோஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அனார்கிரோஸின் வாய் திறந்தபடி நின்றது. பிள்ளைகள் சிட்டாய்ப் பறந்துவிட்டன. முன்னால் ஓடியவள் ரொட்டிக்கடைக்காரர் மகள், ஆட்டுக்குட்டிக் கால்காரி. அவள் குரல் முற்றத்தில் கணீரென்று கேட்டது: "அந்துலாக்கா! ஸ்டெர்கோஸ்! காசு குடு!"

வெளியே நாற்காலி சாய்ந்து கல்லில் விழுகிற சத்தம். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

அந்தச் சத்தமின்மையை இந்தக் கோயிலில் ஊரானியா ஒருத்திக்குத்தான் படிக்கத் தெரியும். மலைப்படியில் ரத்தம் கசிந்த அந்தப் பாதங்களைத் துடைத்தது அவள் துண்டு. கை நிறைய எண்ணெய்ப் பிள்ளை. ஓடவும் முடியாது, விடவும் முடியாது. பாதிரியாருக்கும் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. அவர் பிள்ளைக்காகக் கை நீட்டியபடி, கூட்டம் அடங்கட்டுமென்று காத்து நின்றார்.

ஊரானியா திறந்திருந்த வாசல் பக்கம் திரும்பினாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். ஆகஸ்டு மாதத்து நண்பகலில், அலைச்சத்தத்துக்கு மேலே, கடைசிப் படகில் ஏறப்போகிறவனையும் திருப்பிக் கொண்டுவருகிற தன் சொந்தக் குரலை எடுத்தாள்.

"சம்பீகோஸ்! கேக்குதா அந்துலா? சம்-பீ-கோஸ்!"

கூரையில் உட்கார்ந்திருந்த கடற்காகங்கள் எழும்பின. பூதம் விக்கித்துப்போய், பிறகு ஊரானியாவைவிடப் பெரிய குரலில் அலறத் தொடங்கியது. முற்றத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அழுகை கலந்த, மூச்சு முட்டுகிற சிரிப்பு.

அந்தப் பெயருக்கு அந்தத் தீவில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மலை ஏறாமல் அது வராது. கிழவிகள் ஒவ்வொருவராகச் சிலுவை போட்டார்கள். பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை வாங்கி, மூன்று முறை முக்கி எடுத்தார். மூன்று முறையும் பெயரை அழுத்தமாகச் சொன்னார், இனி எந்தக் காதும் சாக்குச் சொல்ல முடியாதபடி.

"நீ தலையாட்டினியே!" என்றார் அனார்கிரோஸ், அடிக்குரலில்.

"ஆட்டல மாமா. நிமித்தினேன். மெல்போர்ன் போனா 'இல்லே'யுமா மறந்துடும்?"

"படகுல எழுதியாச்சே!"

ஸ்டெர்கோஸ் கீழே கிடந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். "சம்பந்தி, எனக்கு ரெண்டு நிமிஷமாச்சும் என் பேருல பேரன் இருந்தான். உமக்கு அதுவுமில்லே" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அனார்கிரோஸ் சிரிக்கவில்லை. விருந்தில் ஆட்டிறைச்சி இரண்டு தட்டு சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஊரானியா கடை திறக்க வந்தபோது, கதவு ஆணியில் ஒரு பேய்க்கணவாய் தொங்கியது. எட்டுக் கையிலிருந்தும் கடல் சொட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஸ்டெர்கோஸின் படகு திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது.

பதினொரு மணிவாக்கில் அனார்கிரோஸ் வந்தார். விரலெல்லாம் டர்பன்டைன் நாற்றம்.

"நீலப் பெயிண்ட். சின்ன டப்பா போதும்."

"படகுக்கா? பேரு பூரா எழுதணும்னா பெரிய டப்பா வேணுமே மாமா."

"எதுக்கு? கடைசி ரெண்டு எழுத்து, 'ஓ'வும் 'ஸ்'ஸும், ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அழிக்காம விட்டிருக்கேன்."

ஊரானியாவுக்குத் தொண்டைக்குள் சிரிப்பு புரண்டது. அடக்கிக்கொண்டாள். வாசலுக்கு வெளியே, மணலில் இழுத்துவிட்டிருந்த படகின் மூக்கு தெரிந்தது. சுரண்டி எடுத்த வெள்ளை மரத்தின் ஓரத்தில், இரண்டே இரண்டு நீல எழுத்து மீதி பெயருக்காகக் காத்திருந்தது.

அவர் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை கேட்கவில்லை. அவர் விலை கேட்காமல் ஒன்றை வாங்குவதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"மாமா." அவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டாள். "சீசன் முடிஞ்சா... கடையைக் காலி பண்ணணுமா?"

அனார்கிரோஸ் வாசலில் நின்று திரும்பினார். முகவாயை மேலே தூக்கினார், புருவம் உயர்ந்தது. அவ்வளவுதான். வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அது தீவுத் தலையா, மெல்போர்ன் தலையா? ஊரானியா வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். கிழவர் படகின் மூக்குக்கு முன்னால் மண்டியிட்டு, டப்பாவைத் திறந்து, முதல் எழுத்தை வைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்கலாம், அவள் குரலுக்கு எட்டாத தூரமில்லை. கேட்கவில்லை. ஆணியிலிருந்து பேய்க்கணவாயைக் கழற்றி உள்ளே கொண்டுபோனபடி, மனசுக்குள் அன்றைய கணக்கைப் போட்டாள். வரவு, பேய்க்கணவாய் ஒன்று. பற்று, நீலப் பெயிண்ட், சின்ன டப்பா. பாக்கி, ஒரு தலையசைப்பு.