ஞாயிற்றுக்கிழமை வருகிற அப்பா

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம். என் குரல் தூரம் போகாது. வலிக்கிற கதைதான், ஆனால் உங்களை நடு ஆற்றில் விட்டுவிட மாட்டேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருத்தி வேலை பார்த்தாள். கடுகளவு திருகாணிகளை முடுக்குவதே அவள் வேலை என்பதால் எல்லோருக்கும் அவள் 'திருகாணி'. நாற்பதுகூட ஆகவில்லை; காலையில் விரல் மூட்டெல்லாம் வீங்கி நிற்கும். தம்ளரைத் தூக்க இரண்டு கை வேண்டும்.

அன்று அவள் கையிலிருந்து நாலு திருகாணி நழுவி விழுந்தது.

"இப்படியே போனா, வர்றவங்க கண்ணாடியைக் கையில புடிச்சுக்கிட்டுதான் படிக்கணும்" என்றார் கடைக்காரர். அவளும் சிரித்துவைத்தாள். நினைப்பு வேறெங்கோ இருந்தது. முதல் நாள் போனில் அண்ணன் சொல்லியிருந்தான்: "ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கொண்டாந்து விடறேன். இனிமே உன் முறை." இவளும் "சரிண்ணா" என்றுவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மருத்துவர் அம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "மூட்டுவாதம். உடம்பு தன்னையே எதிரின்னு நினைச்சுத் தாக்குது. வீட்ல ஏதாவது கவலையா?"

"ஒண்ணுமில்ல. அப்பா வர்றாரு."

"அதுக்கா கை நடுங்குது? சின்ன வயசுல அடிப்பாரா?"

"எந்த அப்பாதான் அடிக்கல டாக்டர்?"

"எதுக்கு அடிப்பாரு?"

திருகாணி யோசித்தாள். தண்ணீர் சிந்தியதற்கு. தட்டு சத்தம் போட்டதற்கு. சும்மா நின்றதற்கும். ஆறு வயதில் முழங்கை பிசகியபோது, 'படியில விழுந்தேன்னு சொல்லு' என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள்.

"காரணம்லாம் கேட்டதில்ல" என்றாள்.

"அதனாலதான் இந்த நோய்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா பயந்து பயந்து வளர்ந்தவங்களுக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகமா வருது. வருஷக்கணக்கா பயத்துலயே இருந்தா உடம்பு ஓயறதே இல்லம்மா. மாத்திரை நான் தர்றேன். வீட்ல யாரு இருக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

அவளும் ஆறு வயது மகளும் மட்டும் இருந்த இரண்டு அறை வீடு அது. சனிக்கிழமை கட்டிலுக்கு விரிப்பு மாற்றினாள். மகளை உட்காரவைத்துப் பழக்கினாள். "தட்டை இப்படி வைக்கணும். சத்தமே வரக்கூடாது. தாத்தா கூப்பிட்டா ஓடிப் போய் நிக்கணும்."

"தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்காரு."

"அப்புறம் எதுக்கு?"

"நீ வச்சுக் காட்டு" என்றாள் திருகாணி. குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டைத் தரையில் வைத்துக் காட்டியது. அதன் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. தாய் தன் ஆறு வயதையே எதிரில் பார்த்தாள்; தட்டை வாங்கி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பெட்டியோடு வந்து நின்றான். பின்னால் அப்பா.

"வழி விடுடி, கை கழண்டுடும் போலிருக்கு."

"அண்ணா, அப்பா இங்க தங்க வேண்டாம்."

"விளையாடாத. பெத்தவரை வாசல்ல நிறுத்துவியா?"

"உள்ள வரட்டும், சாப்பிடட்டும். மருந்து நான் வாங்கித் தர்றேன். தங்க மட்டும் வேண்டாம்."

"எனக்குந்தான் அடி விழுந்துச்சு. நான் செத்தா போயிட்டேன்?"

"உனக்கு எத்தனை வயசுல ரத்தக்கொதிப்பு வந்துச்சுண்ணா?"

முப்பத்திரண்டு. அது இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணன் பெட்டியை மெல்லக் கீழே வைத்தான்.

"நான் அப்படி என்ன பண்ணிட்டேன்?" என்றார் அப்பா. நிஜமாகவே நினைவில்லாதவர்போல இருந்தது அந்தக் குரல். அதுதான் அவளை ஆட்டிவைத்தது. சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வீங்கிய கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"முடியாதுப்பா."

அப்பா சாப்பிட மறுத்தார். அண்ணன் பெட்டியைத் தூக்கினான். "என் தெருவுல ஒரு ரூம் காலியா இருக்கு. கேட்டுப் பார்க்கறேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

கதவைச் சாத்திவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றியது. மகள் வந்து மடியில் சாய்ந்தாள். திருகாணி எழுந்துபோய் அவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை, அது போதும்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பயமறியாமல் வளரட்டும். பயந்து வளர்ந்தவர்கள் யாரேனும் அங்கே இருந்தால், அவர்கள் உடம்புக்கும் ஓய்வு கிடைக்கட்டும்.