மூன்று மாத்திரைகளில் எது நல்லது

என் ஒற்றைத் தலைவலிக்குத் தனி டோக்கன் கொடுத்தார்கள். எனக்கு நாற்பத்தொன்று, அவருக்குப் பன்னிரண்டு. அதனால் அவர் முதலில் உள்ளே போனார்.

பதினோரு வருடமாக என் இடது கண்ணுக்குப் பின்னால் குடியிருப்பவர். சஃபாரி சூட் போட்டிருந்தார். காலரில் மட்டும் அழுக்கு.

என் முறை வந்தபோது டாக்டர் வைகுந்தம் அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் கணவர் தேவசகாயம். எனக்கு நாற்காலி இல்லை.

மேஜைமேல் மூன்று மாத்திரை அட்டைகள். வெள்ளை, ரோஸ், மஞ்சள். மாதத்துக்கு ஒன்றாக மூன்றையும் நான் சாப்பிட்டு முடித்திருந்தேன். எதைத் தொடர்வது என்று இன்று முடிவாக வேண்டும்.

"வெள்ளை எப்படி?" என்றார் டாக்டர்.

வாயைத் திறந்தேன்.

"உங்களைக் கேக்கலம்மா. சாரைக் கேட்டேன்."

"பரவாயில்ல," என்றார் தலைவலி. "நான் வந்தப்புறம்தான் அதைப் போடுறாங்க. அதுக்குள்ள வந்த வேலை முடிஞ்சிடும்."

"ரோஸ்?"

"தினம் ஒண்ணு. இவங்களுக்குத் தூக்கமா வரும். நானும் கூடவே கொஞ்சம் அசந்துக்குவேன்."

"ரோஸே இருக்கட்டும் டாக்டர்," என்றார் என் கணவர். "வீடு அமைதியா இருந்துச்சு. வெறும் தலைவலிதானே."

அந்த மாதம் என் மகளை ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கணவர் கவனிக்கவில்லை. ரசத்தில் உப்புக் குறைந்தால் மட்டும் கவனிப்பார்.

"மஞ்சள்?"

தலைவலி காபியைக் கீழே வைத்தார். "அது எனக்கு ஒத்துக்கல."

டாக்டர் வருத்தத்தோடு தன் குறிப்பில் மஞ்சளை அடித்துவிட்டார்.

"எனக்கு அதுதான் ஒத்துக்கிச்சு," என்றேன்.

"நோயாளி அபிப்பிராயம் சொல்லக் கூடாதும்மா."

மூன்று பேரையும் பார்த்தேன். இவர்களிடமா இத்தனை வருடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன்? மஞ்சளில் ஒன்றைப் பிய்த்து, தலைவலியின் காபியை எடுத்துக் குடித்து விழுங்கினேன்.

அவர் எழுந்து பொத்தான்களைச் சரிசெய்தார். பொத்தானுக்கு ஓர் அடி குறைந்தார். முழங்கால் உயரத்தில் நின்று டாக்டருக்கு வணக்கம் வைத்தார்.

"பாவம், எங்க போவார்?" என்றார் என் கணவர். அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடப் போனார்.

டாக்டர் கண்ணைத் துடைத்தார். "தலைவலி இல்லாதவங்களுக்கு இங்க என்ன வேலை?"

"மஞ்சளுக்குச் சீட்டு எழுதுங்க."

எழுதினார். நோயாளி பெயர் என்ற இடத்தில் தலைவலியின் பெயர் இருந்தது. அடித்துவிட்டு மரகதவல்லி என்று என் பெயரை எழுதிக்கொண்டேன்.

தாழ்வாரம் இப்போது இரண்டு கிலோமீட்டர் இருந்தது. அடிக்கு ஒரு டியூப்லைட். பதினோரு வருடமாக வெளிச்சம் பட்டாலே மூடிக்கொண்ட கண் இப்போது கூசவில்லை; ஒன்றுவிடாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.