கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மகளைச் சந்திப்பு மையத்தின் மேற்பார்வை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தாள். நடுவே ஒரு கண்ணாடி. இங்கிருந்து அந்த அறை தெரியும், பேச்சும் கேட்கும். அங்கிருந்து பார்ப்பவர்களுக்கு அவரவர் முகம்தான் தெரியும்.

நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். சந்தை முக்கில் லாரிக்காரனையே பின்வாங்க வைத்தவள் என்று டிப்போவில் பேர் உண்டு. வீட்டில் மட்டும், கணவன் செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று கணிக்கப் பழகியிருந்தாள்.

அவன் கணக்கு வாத்தியார். தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அடித்தான் என்கிறாள் அவள். பொய் என்கிறான் அவன். வழக்கு முடியும்வரை குழந்தை தாயிடம் இருக்கட்டும், தகப்பன் வாரம் ஒருமுறை இந்த மையத்தில் ஆள் முன்னிலையில் பார்த்துக்கொள்ளட்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. அதற்கு முன் நீதிபதி அம்மாள் குழந்தையைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அப்பாவைப் பார்க்க விருப்பமா என்று கேட்டிருக்கிறார். பார்க்கணும், ஆனால் தனியாக வேண்டாம் என்றதாம் அது. அந்த முதல் பாதி இவளுக்கு முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவும் மகளும் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் சிரிக்க வைத்தான், குழந்தை சிரித்தது. பெரிய கட்டை அடியில் வரணும் என்று சொல்லிக்கொடுத்தான். குழந்தை சின்னதை வைத்தது. திரும்பச் சொன்னான். கோபுரம் சரிந்தது.

"எத்தன தடவ சொல்றது உனக்கு?"

உள்ளங்கை மேசையில் அறைந்தது. இந்தப் பக்கம் இவளுடைய தோள் தானாகவே காதுவரை ஏறிக்கொண்டது. மூலையில் இருந்த மேற்பார்வை அக்கா எழுந்தார்.

குழந்தை அழவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கியது. கதவருகே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பியது.

"கத்தாதப்பா. கத்துனா நான் வெளிய போயிடுவேன். போலாம்னு ஜட்ஜம்மா சொல்லியிருக்காங்க."

அவன் கைகளை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டு, சரி, வா என்றான் மெதுவாக. குழந்தை அசையவில்லை.

"கைய மேல வைப்பா. எனக்குத் தெரியணும்."

இவளுக்கு இத்தனை வருஷம் தொண்டைவரை வந்து வந்து திரும்பிப்போன வார்த்தைகள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற, இன்னும் சரியாகத் தலைவாரிக்கொள்ளத் தெரியாத ஒரு ஜீவன் அவற்றைத் தண்ணீர் கேட்பதுபோல் சொல்லிவிட்டது. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் இல்லை, நான் இல்லை என்று மனம் அடித்துக்கொண்டது. தான் பெற்றதைத் தானே முதன்முதலாகப் பார்ப்பதுபோல் எழுந்து கண்ணாடியோடு ஒட்டி நின்றாள்.

அவன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தான். குழந்தை அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தது. திரும்பி வந்து நாற்காலியில் ஏறியது. பெரிய கட்டை ஒன்றை எடுத்து, யோசித்து, அவன் புறங்கைமேல் வைத்தது. அதன்மேல் இன்னொன்று. அப்புறம் சின்னது.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும். அது இப்படி அசையாமல் கிடந்து அவள் பார்த்ததே இல்லை. குழந்தை அடுத்த கட்டையைத் தேடியது. கோபுரம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.