அலை டாக்கீஸுக்கு அடுத்த வீடு

...அக்கா இல்லாத கல்யாணமா, அதெப்படி, மூணாவது முடிச்சை மாப்பிள்ளையோட கூடப்பிறந்தவதானே போடணும், அந்த நேரத்துக்காவது ஒரு ஆளை அனுப்பாமலா இருப்பான், என்று நினைத்துக்கொண்டே வஞ்சுளவல்லி அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பட்டுப்புடவையைக் கட்டியாகிவிட்டது, கூப்பிட்டவுடன் ஓடுவதற்கு, சுவருக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் தம்பி உப்பிலிக்கு முகூர்த்தம், மைக்கை மணையிலேயே வைத்துவிட்டார்கள் போல, ஐயர் சொல்லும் மந்திரம் இவள் அம்மிக்குப் பக்கத்தில் கேட்கிறது... முந்தாநாள் வந்த உப்பிலி வாசலிலேயே நின்றான், அக்கா, பொண்ணு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆசாரமான குடும்பம், அத்தானப் பத்திக் கேப்பாவ, நீ வீட்லயே இரு, சாப்பாடு குடுத்து விடுதேன்... சாப்பாடாம்! பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் எங்கே என்று சொல்லாமல் போனதற்கு இவளா பதில் சொல்ல முடியும், தாலி கழுத்தில் கிடக்கிறது, கட்டினவர் இருக்கிறாரா இல்லையா, ஆண்டாளுக்குத்தான் வெளிச்சம். அம்மா நாற்பத்து நாலு வயதில் இவனைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியபோது அந்தச் சதைப்பிண்டத்தைத் தூக்கினது யாரு, அப்போது எந்த ஆசாரம் வந்து பால் கரைத்தது...

அந்த மண்டபக் கட்டடத்துக்கு மட்டும் என்ன யோக்கியதை வாழுகிறது. கடலே இல்லாத ராஜபாளையத்தில், கம்மாக்கரையில் கொட்டகையைக் கட்டி, தூத்துக்குடியைப் பார்த்துவிட்டு வந்த முதலாளி முகப்பெல்லாம் நீல அலையாய் வரைந்து அலை டாக்கீஸ் என்று பேர் வைத்தார். ஊரே படம் பார்த்தது, இவள் கேட்டாள். ஒரே ஒரு படம், ஒரே ஒரு நாள், என்று கெஞ்சினதற்கு, உக்காந்த இடத்துலயே அம்புட்டும் கேக்குதே, அதுக்கு எதுக்குட்டி டிக்கெட்டு, என்று சிரித்தார் இவள் வீட்டுக்காரர். அவரும் போனார், படமும் நின்றது. பொறவு ஆஸ்பத்திரித் துணி நெய்கிற தறிகள் வந்தன, வசனம் போய் இரைச்சல், இவளும் அடுத்த தெருச் சௌதாவும் திரை இருந்த இடத்தில் உட்கார்ந்துதான் கட்டுத்துணி மடித்தார்கள், மூக்கெல்லாம் பஞ்சு, தும்மினால் வெள்ளையாய் வரும், உப்பிலி ஐ.டி.ஐ. படித்து முடித்தது அந்தத் தும்மலில்தான். முதலாளி மகன் தலையெடுத்ததும் தறிகளைத் தூக்கிவிட்டு மண்டபமாக்கி, அலைக்கு மேலே இரண்டு அன்னப்பறவையை வரைந்தான், மழைக்கு ஈரம் ஊறினால் அன்னத்தின் வயிற்றில் நீலம் தெரியும்... காலையில் மண்டபத்துக்குப் போகிற வழியில் சௌதா எட்டிப் பார்த்தாள். ஏக்கா, இன்னும் கெளம்பலயா? ஆளு வரும், நீ போ, என்றாள் இவள். சொந்தத் தம்பி கல்யாணத்துக்கு ஆளு வரணுமாக்கும், நல்ல அக்கா, நல்ல தம்பி, என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள், அவளுக்கென்ன, பத்திரிகை கொடுத்து அழைத்திருக்கிறான்...

நாத்தனார் யாரு, முன்னால வாங்கோ. ஐயர்தான். வஞ்சுளவல்லி எழுந்தேவிட்டாள், கொசுவத்தை நீவி, வாசல் பக்கம் காதை வைத்து, யாராவது ஓடி வருகிற சத்தம்... ஒருத்தரும் வரவில்லை. மாப்ளைக்குக் கூடப்பொறந்தவ உண்டுல்லா, என்று ஒரு பொம்பிளைக் குரல் மைக்கில் இடறியது. உப்பிலி சொன்னான்: இல்ல, நான் ஒத்தப் பிள்ளை. அப்பம் சித்தி மக நிக்காள்லா, அவ போடட்டும், என்றது அந்தக் குரல். கெட்டிமேளம் சுவரை உலுக்கியது, அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுத்தன.

தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்லியிருப்பான், பாவம், சபையில் வேறென்ன செய்வான், தொண்டை அடைத்திருக்கும், கண் கலங்கி... எங்கே அடைத்தது, கணீரென்றல்லவா கேட்டது. படம் கேட்ட காலத்திலும் இதே பிழைப்புத்தான், குரல் அங்கேயிருந்து வரும், முகத்தை இவளே நினைத்து வைத்துக்கொள்வாள். வீட்டுக்காரர் போன அன்றும் இந்த அடுப்படியில் புகையை ஊதிக்கொண்டிருந்தாள், வாசலில் வாரேன் என்று சத்தம் கேட்டது, அவ்வளவுதான், அதற்கொரு சிரித்த முகத்தை இவளே வைத்து, பதினோரு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டு... அப்படியானால் உப்பிலியின் முகம் இப்போது எப்படி இருந்தது? சௌதா முன்வரிசையில்தான் இருந்திருப்பாள், பார்த்திருப்பாள், சாப்பிட்டுவிட்டு இந்த வழியாகத்தான் வருவாள், கேட்கலாம்... கேட்டால் சொல்லிவிடுவாளே.