காலரில் தொடங்கும் பாடம்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்து மடிக்க வேண்டிய துணியை நின்றுகொண்டு மடிப்பாள். நிற்கும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து மேஜையில் இஸ்திரி போடுகிறவள் அவளுடைய அண்ணி, அதாவது அண்ணன் மனைவி. அண்ணி தேய்த்துத் தள்ளும் சட்டைகளைப் பம்பரம் மடித்து அடுக்குவாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழே இருந்தால் பாத்திரம் உருளும் என்பார்கள். இவர்கள் வீட்டிலும் ஒன்றாக இருந்தார்கள், வேலையிலும் ஒன்றாக இருந்தார்கள், இதுவரை ஒரு டம்ளர்கூட உருளவில்லை. யார் கண்ணும் படாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

அண்ணன் மூன்று வருஷமாகப் பிரெஞ்சு பேசுகிற ஒரு நாட்டில் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்குகிறான். மனைவியை அழைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் அவள் முதலில் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் அடுத்த வருஷம்தான் மறுபடி போகலாம். அதனால் அண்ணி வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்கு ஓடினாள். முதல் நாளே டீச்சர் 'பார்லே' என்ற வினைச்சொல்லைக் கொடுத்து, பேசுவது என்று அர்த்தம் சொல்லி, ஆறு விதமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லிவிட்டாள். ஜ பார்ல், நான் பேசுகிறேன். த்யு பார்ல், நீ பேசுகிறாய். இல் பார்ல், அவன் பேசுகிறான். நூ பார்லோன், நாங்கள். வூ பார்லே, நீங்கள். கடைசியில் மறுபடி இல் பார்ல், அவர்கள்.

"எழுதும்போது ஒவ்வொண்ணுக்கும் ஒரு வால் ஒட்டுறாங்க. வாயத் திறந்தா பாதி வாலை முழுங்கிடுறாங்க. அப்புறம் எதுக்கு அந்த வாலு?" என்று அண்ணி அலுத்துக்கொண்டாள்.

"வால் இல்லாம எழுதினா மார்க் குறைப்பாங்களாம் அண்ணி. நமக்குப் பேச்சுத் தேர்வுதானே, முழுங்குங்க."

புத்தகத்தைப் பார்த்தால் அண்ணிக்குத் தூக்கம் வரும். சட்டையைப் பார்த்தால் வராது. ஒரு சட்டையை அவள் எப்போதும் ஒரே வரிசையில்தான் தேய்ப்பாள்: காலர், தோள்பட்டை, மணிக்கட்டுப் பட்டி, கை, முன்பக்கம், முதுகு. ஆறு இடம் இருந்தது, ஆறு சொல்லும் இருந்தது. காலரில் 'ஜ' என்று ஆரம்பித்தால் முதுகில் 'இல்' என்று முடியும். ஒரு நாளில் எத்தனை சட்டை தேய்க்கிறாளோ அத்தனை முறை பாடம். ஒரே வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டாள். பார்லே முடிந்து, சாப்பிடுவது, தேடுவது, கொடுப்பது என்று ஒவ்வொரு வினைச்சொல்லாக அதே காலரில் ஏறி அதே முதுகில் இறங்கியது. "ஆரம்பிங்க" என்று பம்பரம் சொன்னால் போதும், ரயில் புறப்பட்டுவிடும்.

அந்தச் சமயத்தில்தான் பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கிற அக்கா, போன வருஷம் அதே தேர்வில் தோற்றவள், பம்பரத்தைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தாள்.

"உங்க அண்ணி நல்லா ஒப்பிக்கிறா. ஆனா அங்க தேர்வு வைக்கிறவன் ஒப்பிக்கச் சொல்ல மாட்டான். திடீர்னு நடுவுல ஒண்ணக் கேப்பான். உடனே வாய் தெறக்கலன்னா அடுத்த கேள்விக்குப் போயிடுவான். எனக்கு அப்படித்தான் போச்சு. சொல்லி வை."

பம்பரம் மேஜைக்குத் திரும்பி, விளையாட்டுப்போல, "அண்ணி, நூ?" என்று கேட்டாள். அண்ணியின் உதடு அசைந்தது. காலர், தோள்பட்டை, பட்டி என்று எல்லாவற்றையும் சத்தமில்லாமல் கடந்து வந்து, அப்புறம்தான், "பார்லோன்" என்றாள். அதற்குள் இஸ்திரிப் பெட்டி இரண்டு முறை பெருமூச்சு விட்டிருந்தது. அண்ணி தேற மாட்டாள் என்பது அந்த நிமிஷமே பம்பரத்துக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய்வரை வந்ததை மென்று முழுங்கிவிட்டு, "ம், சரி, அடுத்த சட்டை" என்றாள்.

கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, நல்ல எண்ணம் என்றும் சொல்ல முடியாது. அம்மா அப்பா போன வீட்டில் அவளுக்கு மிச்சம் இருப்பது அண்ணி ஒருத்திதான். காலையில் யார் முதலில் குளிப்பது என்று சண்டை போடவும், நீராவியைக் கேலி செய்து சிரிக்கவும் வேறு ஆள் இல்லை. நீராவி என்பது மேற்பார்வையாளர். எதற்கெடுத்தாலும் 'உஸ்' என்று சீறுவார். அண்ணி விமானம் ஏறிவிட்டால் இரண்டு அறையும் அவளும்தான். ஒரு வருஷம் தள்ளிப்போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று ஒரு மனசு சொன்னது. தினமும் போனில் அண்ணன், "எப்படிப் படிக்கிறா?" என்று கேட்கும்போது இன்னொரு மனசு செருப்பால் அடித்தது.

அன்றிலிருந்து அவள் குட்டி போட்ட பூனையாகச் சுற்றினாள். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். பெரிய அளவுச் சட்டை அடுக்கில் சின்ன அளவை வைத்து நீராவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள், அப்புறம் திறந்தாள். "உனக்குத் தேர்வா எனக்குத் தேர்வா?" என்று அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் பம்பரத்தால் தாங்க முடியவில்லை.

தேர்வுக்கு முந்தின மத்தியானம். அண்ணி அடுத்த சட்டையை எடுத்துக் காலரை விரித்தாள். பம்பரம் அதைப் பிடுங்கி, முதுகு மேலே வரும்படி மேஜையில் போட்டாள்.

"என்னடி பண்ற? முதுகுல ஆரம்பிச்சா காலர் தேய்க்கிறப்ப எல்லாம் கசங்கிடும்."

"கசங்கட்டும். முதுகு யாரு? உடனே சொல்லுங்க."

அண்ணியின் உதடு காலருக்கு ஓடியது.

"பாத்தீங்களா? நடுவுல கேட்டா உங்களுக்கு வரல. அவன் நடுவுலதான் கேப்பான். எனக்கு முன்னாடியே தெரியும் அண்ணி. பொட்டலம் கட்டுற அக்கா சொன்னாங்க. நான்தான் சொல்லல."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஏன்?"

"நீங்க போயிட்டா நான் யார்கூடப் பேசுவேன்?"

சொன்னதும் பம்பரத்துக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அண்ணியின் முகம் இறுகிவிட்டது. மூன்று வருஷம் புருஷனைப் போன் திரையில் மட்டும் பார்த்தவளுடைய கோபம் அது. அதில் நியாயம் இருந்தது. அண்ணி மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள்.

"அழுறத அப்புறம் வச்சுக்க. போடு சட்டைய."

பம்பரம் போட்டாள். கை மேலே வந்தால் நூ, பட்டி வந்தால் இல், தோள்பட்டை வந்தால் த்யு. தலைகீழாக, குறுக்காக, உள்பக்கம் வெளியே வந்தபடி என்று இஷ்டத்துக்குப் போட்டாள். முதலில் அண்ணி திணறினாள். பிறகு திட்டிக்கொண்டே சொன்னாள். சாயங்காலம் நெருங்கும்போது துணி மேஜையைத் தொடும் முன்பே சொல் வந்து விழுந்தது. நீராவி வந்து பார்த்து, சுருக்கம் விழுந்த சட்டைக் குவியல் முன்னால் நின்று நிஜமாகவே நீராவியானார். அத்தனையையும் இரண்டு பேரும் மறுபடி தேய்த்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணி நாலடி முன்னாலேயே நடந்தாள்.

மறுநாள் தேர்வு அலுவலகத்தின் வாசலில் பம்பரம் நடைபாதையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். காவலாளி இரண்டு தடவை, "யாரைம்மா தேடுற?" என்று கேட்டுவிட்டார். அண்ணி வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன ஆச்சு?"

"மேஜை மேல கைய வச்சு சட்டை தேய்ச்சுட்டே பதில் சொன்னேன். அந்த ஆளு என் கையவே பாத்தான். அப்புறம், தினமும் யார்கூடப் பேசுவீங்கன்னு கேட்டான். எல்லாரும் புருஷன்னுதான் சொல்வாங்கபோல."

"நீங்க?"

"என் நாத்தனார்கூடன்னு சொன்னேன். நூ பார்லோன், நாங்க பேசுறோம். காலைல, வேலைல, சாயங்காலம்னு நீட்டிச் சொன்னேன். நாத்தனாருக்குப் பிரெஞ்சுல என்ன வார்த்தைன்னு தெரியல, தங்கச்சின்னு சொல்லிட்டேன்." அண்ணி மூச்சு விட்டாள். "தேறிட்டேன்டி."

பம்பரம் துள்ளிக் குதித்துக் கட்டிக்கொண்டாள். காவலாளியிடம்கூடச் சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள் நடைபாதை ஓரத்துக் கட்டைச்சுவரில் அப்படியே உட்கார்ந்தாள். கை மடியில் கிடந்தது. கால்கூட ஆடவில்லை.

அண்ணி அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் கோபமா அண்ணி?"

"இருக்கு. விமானம் ஏறுறதுக்குள்ள போயிடும்." மடங்கிக் கிடந்த அவளுடைய காலரை அண்ணி கட்டைவிரலால் நீவி நிமிர்த்தினாள். "எப்பப் பாரு நீதான் கேப்ப. இப்ப நான் கேக்கிறேன். நூ?"

பம்பரம் வாயைத் திறந்தாள். வரவில்லை. இத்தனை மாதம் கேட்டவளை ஒரு தடவைகூட யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அவள் உதடு தானாகக் காலருக்கு ஓடியது.

"ஜ பார்ல்," என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். குரல் உடைந்தது. "த்யு பார்ல்..."

"மெதுவா வா," என்றாள் அண்ணி. "நான் இங்கதான் இருக்கேன்."