கம்பம் இல்லாத படங்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுதலாம் என்று நான் உட்காரவில்லை. கட்டுரைதான் கேட்டார்கள். எங்கள் படகுச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, 'பொழுதுபோக்காக எடுக்கும் படகுப் படங்களையும் இயற்கைக் காட்சிப் படங்களையும் எவ்வளவு திருத்தலாம்?' என்ற தலைப்பில் மூன்று பக்கம். நான் துடுப்பும் சுமாராகத்தான் போடுவேன், படமும் சுமாராகத்தான் எடுப்பேன். எழுதுகிறவன் என்று பெயர் வாங்கித் தொலைத்ததால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் வரியாக இதை எழுதினேன்: "வெளிச்சத்தைக் கூட்டலாம், பொய்யைக் கூட்டக் கூடாது." எழுதிய கையோடு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

அடுத்த தொடக்கம்: "படகு ஆடும். அதனால் படத்தில் தொடுவானம் சாயும். அதை நேராக்குவது குற்றமா என்று கேட்டால்..."

குற்றம் என்று எழுதியதும் விரல் நின்றுவிட்டது. எங்கள் சங்கத்தில் இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு முகம்தான் நினைவுக்கு வரும், லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு மனிதரின் முகம். கட்டுரை அத்துடன் முடிந்தது.

2

முதலில் ரப்பரைத் தெரிந்துகொள்ளுங்கள். தொழில் பல் வைத்தியம். பிடுங்கிய இடம் தெரியாமல் பல் கட்டுவதில் கெட்டிக்காரர். படத்திலும் அதே கைதான். மின்கம்பி, மிதக்கும் பாட்டில், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் யாருடைய முழங்கையோ, எதைக் காட்டினாலும் அழித்துக் கொடுப்பார். அதனால் அந்தப் பெயர்.*

(* முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் சிரிப்பார். இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. டாக்டர் என்கிறோம், அதுவும் தேவைப்பட்டால்தான்.)

நாங்கள் படகு விடும் நீர்த்தேக்கத்தில் ஓரிடத்தில் பாறை ஒன்று தண்ணீருக்குச் சற்றுக் கீழே படுத்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்காக அங்கே ஓர் இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் சிவப்புத் தகரம் கட்டியிருந்தார்கள். துருப்பிடித்து, வளைந்து, காணச் சகிக்காது. மலைகள் அழகாக விழும் கோணமும் அதே பக்கம்தான். ஆகவே யார் படம் எடுத்தாலும் நட்டநடுவில் அந்தச் சனியன் நிற்கும்.

"டாக்டர், அந்தக் கம்பத்த மட்டும் எடுத்துடுங்க" என்று ஆரம்பத்தில் கெஞ்சினோம். பிறகு கேட்கவே வேண்டியிருக்கவில்லை. படம் போனால் கம்பம் இல்லாமல் திரும்பி வரும். வந்தது அழகாக இருந்ததால் எங்களிடம் இருந்த பழையதை நாங்களே அழித்தோம். அவரும் திருத்தியதை அதே கோப்பின் மேல்தான் சேமிப்பார். சங்கச் சுவர் முழுக்கப் படங்கள் மாட்டியிருக்கிறோம். எந்தப் படத்திலும் கம்பம் கிடையாது.

3

லிஃப்ட்காரர் சங்கத்தில் இருந்தவர்களிலேயே நிதானமானவர். கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் படகில் கால் வைக்க மாட்டார். ஒரு நாள், ஊரிலிருந்து வந்திருந்த சகலையை, அதாவது மனைவியின் தங்கை கணவரை, படகில் அழைத்துப் போனார். இருந்த ஒரே மிதவைச் சட்டையை அவருக்குத்தான் மாட்டிவிட்டார். படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது. சகலைக்குத் தலையில் அடி. மிதவைச் சட்டை அவரை மிதக்க வைத்தது, அவ்வளவுதான். கரைக்கு இழுத்து வந்தபோது உயிர் இல்லை.

போய்ப் பார்த்தால் பாறையருகே கம்பம் இல்லை.

படகு இடித்துத்தான் அது விழுந்தது என்றார் சங்கச் செயலாளர். முன்பே விழுந்திருந்தால், திரும்ப நடாத பழி சங்கத்தின் மேல் வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. லிஃப்ட்காரர் சொன்னது ஒன்றே ஒன்று: "அங்க கம்பமே இல்ல. இருந்திருந்தா நான் அந்தப் பக்கம் போயிருப்பேனா?" அதற்கு முந்தைய வாரம் பெய்த மழையில் தண்ணீர் கரைபுரண்டு வந்திருந்தது. அது அடித்துக்கொண்டு போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம்.

தங்கை அக்கா வீட்டு வாசலை மிதிப்பதில்லை. கடைசியாகப் பேசியபோது, "உன் புருஷன் வேடிக்கை பாத்துட்டே போய் என் புருஷனக் கொன்னுட்டார்" என்றாளாம்.

4

அடுத்த மாதக் கூட்டத்தில் விவாதம் என்ன தெரியுமா? இதே திருத்தம்தான். வானத்தின் நீலத்தை எவ்வளவு கூட்டலாம் என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்காரரின் மனைவி உள்ளே வந்தாள். நேராகச் சுவருக்குப் போனாள். மழைக்குப் பிறகு, விபத்துக்கு முன்பு, செயலாளர் கரையிலிருந்து எடுத்த படம் ஒன்று அங்கே மாட்டியிருந்தது. அதைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"தேதி போட்டிருக்கு, பாருங்க. கம்பம் எங்க இருக்கு? இல்லல்ல?"

அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. நாங்கள் எல்லாரும் ரப்பரைப் பார்த்தோம்.

"அம்மா... அத நான் அழிச்சிருப்பேன்" என்றார் அவர்.

"அழிச்சிருப்பேன்னா? அழிச்சீங்களா?"

"தெரியலம்மா."

"தெரியலையா?"

"எல்லாப் படத்துலயும் எடுத்துடுவேன். கை தானாப் போகும். இதுல இருந்துதா, எடுத்தேனா... சத்தியமா ஞாபகம் இல்லம்மா."

அவள் செயலாளர் பக்கம் திரும்பினாள். "நீங்கதான எடுத்தீங்க? இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"கண்ணால பாத்தீங்களா?"

அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தார். அந்தக் கம்பத்தைப் பார்க்காமல் இருக்க நாங்கள் அத்தனை பேரும் பழகியிருந்தோம்.

5

இங்கே ஒரு குப்பைக்கூடையையும் காட்டிவிடுகிறேன். இந்தக் கதைக்கு நான் எழுதிக் கைவிட்ட வரிகள் இவை.

"அவள் தலையிலடித்துக்கொண்டு அழ..." (அழவில்லை. அழுதால் எழுதுவது எனக்குச் சுலபம் என்பதால் அழவைத்தேன்.)

"டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அலைகளுக்கு நடுவே, கம்பத்தின் நிழல் மட்டும் மெலிதாக..." (துப்பறியும் கதை எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் பக்கத்து அலையை எடுத்து ஒட்டுவதில் சூரர். கம்பம் இருக்க வேண்டிய இடத்தில் அலைதான் இருந்தது. பார்த்துப் பார்த்து அவர் கண் சிவந்ததுதான் மிச்சம்.)

உண்மையில் நடந்தது வேறு. கூட்டம் கலைந்து நானும் டாக்டரும் அவர் காரில் ஏறப் போனோம். அவள் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"டாக்டர், என் தங்கச்சிகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லணும். அந்தப் படத்துல நான் எதையும் அழிக்கலன்னு."

"அது பொய்யா இருந்தா?"

"நெஜமா இருந்தா?"

டாக்டர் கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"தங்கச்சிக்காக மட்டும் கேக்கல, டாக்டர்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "ராத்திரி அவர் பக்கத்துலதான் படுக்கறேன். இல்ல இல்லன்னு தூக்கத்துலயும் சொல்றார். இவர் நெஜம் சொல்றாரா, சொல்லிச் சொல்லி நம்பிட்டாரான்னு எனக்குத் தெரியல. கட்டின புருஷன நம்பறதுக்கு உங்ககிட்ட வந்து நிக்கறேன், பாருங்க."

எனக்கு அழுகை வந்தது. டாக்டருக்கும் வந்திருக்க வேண்டும். "வரேம்மா" என்றார். சொன்ன சொல் தவறாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு தங்கை வீட்டுக்குப் போனார். நான் வாசலில் காருக்குள்ளேயே இருந்தேன். தங்கை கதவைத் திறந்ததைப் பார்த்தேன். அக்காவை விலக்கி, டாக்டரிடம் நேராகக் கேட்டாள். காதில் விழுந்தது.

"அழிச்சீங்களா, இல்லையா?"

7

ஆறைக் காணோமே என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். அவர் சொன்ன பதில் அங்கே வந்திருக்க வேண்டும். நான் எழுதி அழித்தேனா, இல்லை எழுதவே இல்லையா? எழுதவே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே வெள்ளைத் தாள்தான் தெரியும். இந்த வேலையில் எனக்கும் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு.

அன்று மாலை அக்காவின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். (அந்த வீட்டுக்குள் நான் போனதில்லை. இது முழுக்க என் கற்பனை. ஆனாலும் இந்தப் பகுதியில் ஒரு சொல்லைக்கூட என்னால் மாற்ற முடியவில்லை.)

லிஃப்ட்காரர் மேசையில் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டுத் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து வீட்டில் பழுதாகாததையும் பிரித்துக்கொண்டிருக்கிறார். அவள் செருப்பைக் கழற்றினாள், பையை மாட்டினாள், சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தாள். கேட்காமல் இருந்தாலும் பயமாக இருந்தது.

அவர் தலை நிமிராமல் கேட்டார். "டாக்டர் என்ன சொன்னாரு?"

அவள் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அவள் வாயில் வந்தது இது:

"என்ன சொல்லியிருப்பாருன்னு நெனக்கிறீங்க?"

முடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எங்கள் அத்தனை பேர் ஏச்சுக்கும் வாடாத முகம் அப்போது வாடியது.

"அப்போ இத்தன நாளா நீயும் என்ன நம்பல."

இதற்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும். இடம் விட்டிருக்கிறேன்:

"                                        "

உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவர் எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலில் வருவது அவர் காதில் விழுந்துவிடும்.